இடிக்குப் பிறகு வராத நெட்

ஐப்பசி பிறந்துவிட்டால் திருவட்டாறு வட்டாரத்தில் மத்தியானத்துக்கு மேல் வானத்தை நம்ப முடியாது. ரப்பர் பால் வெட்டும் நேரத்தில் பளிச்சென்று இருக்கும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பேச்சிப்பாறை மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் சாயங்கால விளக்கு ஏற்றுவதற்குள் இடி வெட்டத் தொடங்கிவிடும். மறுநாள் காலையில் குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்துக் கம்ப்யூட்டர் மெக்கானிக்குகளின் போன் ஓயாது. எல்லா அழைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்: “அண்ணா, நேத்து இடி வெட்டினதுக்கு அப்புறம் நெட்டு கிட்டல.”

இடிக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? கம்பிதான். பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் ‘டேட்டாஒன்’ என்ற பெயரில் பிராட்பேண்ட் தொடங்கியபோது, வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அதே செம்புத் தொலைபேசிக் கம்பியில்தான் இணையமும் வந்தது. தென்னைக்கும் ரப்பருக்கும் நடுவே கம்பம் கம்பமாக நீண்டு வரும் கம்பி அது. பக்கத்தில் எங்காவது மின்னல் இறங்கினால் போதும், அந்தத் தூண்டலில் எழும் மின்னழுத்தம் கம்பி வழியே மோடத்துக்குள் பாயும். மோடத்தைச் சுட்டுப் பொசுக்கியும் வேகம் தணியவில்லை என்றால் லேன் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குள்ளும் நுழையும். லேன் கேபிளைச் செருகும் துளைக்குப் பின்னால் இதற்கென்றே ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. அது 1,500 வோல்ட் வரை தடுத்து நிறுத்த வேண்டும் என்பது ஈதர்நெட் தரநிலை. மின்னலுக்கு அதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பல சமயம் மதர்போர்டில் லேன் பகுதி மட்டும் செத்துப்போய் மற்றதெல்லாம் உயிரோடிருக்கும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும், படம் ஓடும், தட்டச்சு ஆகும். நெட் மட்டும் வராது. மெக்கானிக் வந்து பயாஸில் மதர்போர்டின் லேனை அணைத்துவிட்டு, காலியாக இருக்கும் பிசிஐ ஸ்லாட்டில் ஒரு சின்ன லேன் கார்டைச் செருகுவார். விலை அதிகம் போகாது. வேலை முடிந்தது என்று வீட்டுக்காரர் நினைப்பார். மெக்கானிக்குக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

புதிதாகச் செருகிய கார்டை விண்டோஸ் பார்க்கிறது. ஏதோ ஒன்று வந்திருக்கிறது என்று தெரிகிறது. அதோடு எப்படிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் ‘ஈதர்நெட் கன்ட்ரோலர்’ என்று ஒரு வரி, அதன் மேல் மஞ்சள் நிறத்தில் ஓர் ஆச்சரியக்குறி. பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் அடித்த யாரும் இந்தக் குறியைப் பார்க்காமல் தப்பியிருக்க முடியாது. டிரைவர் இல்லை என்று அர்த்தம். அந்த டிரைவர் எங்கே கிடைக்கும்? இணையத்தில். இணையத்துக்கு எப்படிப் போவது? லேன் கார்டு வேலை செய்தால். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை.

டிரைவர் என்பது ஒரு சின்ன மென்பொருள். ‘இந்த இணையப் பக்கத்தைக் கொண்டுவா’ என்று பிரவுசர் கேட்கும். விண்டோஸ் அதைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டும். அந்தப் பொட்டலத்தை லேன் கார்டின் சிப்புக்குள் எந்த முகவரியில் எழுத வேண்டும், அனுப்பு என்ற கட்டளையை எந்த இடத்தில் கொடுக்க வேண்டும், பதில் வந்தால் சிப் எப்படிக் கூப்பிடும் என்பதெல்லாம் ஒவ்வொரு சிப்புக்கும் வேறு வேறு. அந்த விவரம் முழுவதும் டிரைவருக்குள் இருக்கிறது. பக்கத்துக் கடையில் வாங்கிய வேறொரு கார்டின் டிரைவரைப் போட்டால் வேலை நடக்காததன் காரணம் இதுதான்.

ஈதர்நெட் யோசனையை ராபர்ட் மெட்காஃப் 1973 மே மாதம் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வகத்தில் ஒரு குறிப்பாக எழுதினார். பின்னர் அவர் தொடங்கிய 3காம் நிறுவனம் 1982இல் ஐபிஎம் பிசிக்கான லேன் கார்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்த காலத்தில் நம்மவர்களுக்கு அறிமுகமானது நோவெல் நிறுவனத்தின் என்இ2000 என்ற கார்டும் அதன் எண்ணற்ற நகல்களும்தான். தைவானிலும் பிற இடங்களிலும் யார் யாரோ அதே அமைப்பில் கார்டு செய்து விற்றார்கள். பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும் ‘என்இ2000 கம்பேட்டிபிள்’ என்று போட்டிருந்தால் ஒரே டிரைவர் போதும்.

அந்த வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. அந்தக் கார்டுகளில் ஜம்பர் என்ற குட்டிக் குட்டித் தொப்பிகள் இருக்கும். அவற்றைக் கழற்றி மாட்டித்தான் கார்டின் முகவரியையும் ஐஆர்கியூ என்ற அழைப்பு எண்ணையும் அமைக்க வேண்டும். கம்பெனியிலிருந்து வரும்போது முகவரி 300, ஐஆர்கியூ 3 என்று இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரின் இரண்டாவது சீரியல் போர்ட்டுக்கும் அதே ஐஆர்கியூ 3தான். அதில் மவுஸோ டயல்-அப் மோடமோ மாட்டியிருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். மவுஸ் அசைந்தால் நெட்வொர்க் போய்விடும். நெட்வொர்க் வந்தால் மவுஸ் உறைந்துவிடும். அன்றைய மெக்கானிக்குகள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இடுக்கியால் ஜம்பரைப் பிடுங்கியதை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

1990களில் பிசிஐ ஸ்லாட்டும், 1995இல் விண்டோஸ் 95உடன் ‘பிளக் அண்ட் பிளே’யும் வந்தன. ஜம்பர் ஒழிந்தது. கார்டே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. பழைய கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே ஒரு விஷயம் உண்டென்றால் இந்த அறிமுகம்தான். ஆனால் பலருக்கு இது தெரியாது. கம்ப்யூட்டர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பிராண்டு பெயரை வைத்து டிரைவர் தேடுவார்கள். மதர்போர்டின் பெயரைத் தேடுவார்கள். ‘லேன் டிரைவர் ஃப்ரீ டவுன்லோட்’ என்றுகூடத் தேடுவார்கள். இத்தனை சுற்றலும் தேவையில்லை.

மஞ்சள் குறி போட்ட வரியின் மேல் வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போக வேண்டும். அதில் ‘டீடெய்ல்ஸ்’ என்ற தாவல். அங்கே இருக்கும் பட்டியலில் ‘ஹார்ட்வேர் ஐடி’யைத் தேர்ந்தெடுத்தால், முதலில் பிசிஐ என்று தொடங்கி, ‘வென்’ என்று போட்டு நான்கு இலக்கம், ‘டெவ்’ என்று போட்டு இன்னொரு நான்கு இலக்கம் தெரியும். வென் என்பது சிப்பைச் செய்த கம்பெனி. டெவ் என்பது அந்தக் கம்பெனியின் எந்தச் சிப் என்பது. இவை பதினாறடிமான எண்கள் என்பதால் இடையில் ஆங்கில எழுத்தும் கலந்திருக்கும். வென் 10இசி என்றால் தைவானின் ரியல்டெக். 14இ4 என்றால் பிராட்காம். 10பி7 என்றால் 3காம். 8086 என்றால் இன்டெல். 1978இல் தான் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசசரின் எண்ணையே அந்தக் கம்பெனி தன் அடையாளமாக வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த எட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போனால் டிரைவர் தேடும் வேலை முக்கால்வாசி முடிந்த மாதிரி. பெட்டியில் இருக்கும் பெயர் பொய் சொல்லும். இந்த எண் சொல்லாது.

மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் சென்னை ரிச்சி தெருவிலும் இத்தனை வருஷமாகக் கை மாறிய மலிவு லேன் கார்டுகளில் பெரும்பாலானவற்றின் மீது ஒரே சிப்தான் உட்கார்ந்திருக்கும்: வென் 10இசி, டெவ் 8139. ரியல்டெக் 8139. கார்டின் பெயர் ஊருக்கு ஒன்றாக இருந்தாலும் நண்டுச் சின்னம் போட்ட அந்தக் கறுப்புச் சிப்பைப் பார்த்தாலே மெக்கானிக்குக்குத் தெரிந்துவிடும்.

பொறியியல் அறிஞர்களிடம் இந்தச் சிப்புக்கு நல்ல பெயர் கிடையாது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்காக இதற்கு டிரைவர் எழுதிய பில் பால், நிரலுக்குள்ளேயே குறிப்பெழுதி இதை வறுத்தெடுத்திருக்கிறார். நல்ல சிப்பாக இருந்தால் பொட்டலத்தை நினைவகத்தில் எந்த இடத்திலிருந்தும் தானே எடுத்துக்கொள்ளும். 8139க்கு அந்தத் திறமை போதாது. அனுப்ப வேண்டிய பொட்டலத்தைக் குறிப்பிட்ட இடத்தில் ஒழுங்காக அடுக்கி வைக்க வேண்டும். வரும் பொட்டலங்களையும் ஒரே தொட்டியில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஒவ்வொன்றையும் எடுத்துப் பிரதி செய்வது பிராசசரின் தலையில் விழுகிறது. ஆனால் மலிவு. மலிவாக இருந்ததால் உலகமெங்கும் பரவியது. பரவியதால் எல்லோரும் அதற்கு டிரைவர் எழுதினார்கள். விண்டோஸ் எக்ஸ்பி சிடிக்குள்ளேயே அதன் டிரைவர் வந்துவிட்டது. லினக்ஸுக்கு டொனால்டு பெக்கர் எழுதினார். 1994இல் நாசாவில் சாதாரண பிசிக்களை ஈதர்நெட்டால் கோத்து ‘பியோவுல்ஃப்’ என்ற மலிவு சூப்பர் கம்ப்யூட்டரை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர். பழைய லேன் கார்டு ஒன்று இன்று லினக்ஸில் பேசாமல் வேலை செய்கிறது என்றால், அதில் அவருடைய உழைப்பு கலந்திருக்க நிறைய வாய்ப்புண்டு.

திறமையான சிப்புகள் பல டிரைவர் கிடைக்காமல் குப்பைக்குப் போய்விட்டன. ஏளனத்துக்கு ஆளான 8139 இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரியல்டெக்கின் அடுத்த தலைமுறைச் சிப்பான 8168 வேகத்தில் பத்து மடங்கு. ஆனால் அது எக்ஸ்பி வெளிவந்த பிறகு பிறந்தது. ஆகவே எக்ஸ்பி சிடியில் அதற்கு டிரைவர் கிடையாது. அனுபவப்பட்ட மெக்கானிக்கின் பையில் ஒரு 8139 கார்டு எப்போதும் கிடப்பது இதனால்தான். முதலில் அதைச் செருகி நெட்டை வரவழைத்து, அந்த நெட்டிலேயே 8168இன் டிரைவரை இறக்கி, பிறகு 8139ஐக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அந்தக் கார்டு இல்லாதவர்களுக்கும் இப்போது ஒரு வழி இருக்கிறது. கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன். சார்ஜ் போடும் கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்து, போனில் ‘யுஎஸ்பி டெதரிங்’ என்பதைத் தட்டினால் போனே ஒரு லேன் கார்டு ஆகிவிடும். லினக்ஸில் உடனே வேலை செய்யும். விண்டோஸ் 7இல் சில சமயம் அடம்பிடிக்கும். அப்போது டிரைவரைக் கையால் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் நெட்வொர்க் அடாப்டர் பிரிவுக்குப் போய், மைக்ரோசாஃப்ட் என்ற பெயருக்குக் கீழே உள்ள ‘ரிமோட் என்டிஐஎஸ்’ என்பதைக் காட்டிக் கொடுக்க வேண்டும். அது விண்டோஸ் 7க்குள்ளேயே இருக்கிறது. தேடி எடுக்கத்தான் ஆள் வேண்டும்.

திருவட்டாறு பக்கத்து வீடுகளில் பழைய கம்ப்யூட்டர் என்றால் மேசைக் கம்ப்யூட்டரை விட அரசு கொடுத்த லேப்டாப்தான் அதிகம் கண்ணில் படும். 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. எல்காட் கொள்முதல் செய்து, அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சம் மாணவர்களுக்கு மேல் கொடுக்கப்பட்டது. தொடக்கத்தில் வந்த லேப்டாப்புகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன: ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், மற்றது சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். பிளஸ் டூ முடித்து அதை வாங்கிய பிள்ளைகள் இன்று கல்யாணமாகித் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள். லேப்டாப் அலமாரியில் கிடக்கிறது. பேட்டரி போய்விட்டது, சார்ஜரில் மாட்டினால் ஓடும்.

யாராவது ஒருவர் அதில் புதிதாக விண்டோஸ் போட்டால் வைஃபை காணாமல் போகிறது. லேப்டாப் கெட்டுவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது சாவி. பல லேப்டாப்புகளில் எஃப்என் சாவியோடு மேல்வரிசைச் சாவி ஒன்றைச் சேர்த்து அழுத்தினால் வைஃபை அணையும், எரியும். சிலவற்றில் ஓரத்தில் தனி சுவிட்சே உண்டு. கைபட்டு அணைந்ததைக் கெட்டுப்போனதாக நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. அது சரியாக இருந்தால், ஒரு லினக்ஸ் வட்டுப் பிரதியைப் பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். லினக்ஸில் வைஃபை வந்தால் சிப் உயிரோடிருக்கிறது, டிரைவர்தான் இல்லை என்பது சந்தேகமில்லாமல் உறுதி.

வராவிட்டால் சிப் செத்தது என்றும் சொல்லிவிட முடியாது. வைஃபை சிப்புகளுக்கு டிரைவர் போதாது, ‘ஃபர்ம்வேர்’ என்ற இன்னொரு கோப்பும் வேண்டும். அதைத் திறந்த மூலமாகக் கொடுக்கப் பல கம்பெனிகளுக்கு மனசில்லை. அதனால் டெபியன் போன்ற கொள்கைப் பிடிப்புள்ள லினக்ஸ்கள் அந்தக் கோப்புகளை நிறுவும் வட்டில் சேர்க்காமலே வைத்திருந்தன. குறிப்பாக பிராட்காம் சிப் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. விண்டோஸுக்கான டிரைவரையே லினக்ஸுக்குள் வைத்து ஓட்டும் ‘என்டிஐஎஸ்ராப்பர்’ என்ற குறுக்குவழியைக்கூடப் பிடித்தார்கள். டெபியன் 2022இல் வாக்கெடுப்பு நடத்தி மனம் மாறியது. 2023இல் வெளிவந்த 12ஆம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர் நிறுவும் வட்டோடு சேர்ந்தே வருகிறது. பழைய லேப்டாப்காரர்களுக்கு இது பெரிய உபகாரம்.

டிரைவர் ஏறி மஞ்சள் குறி மறைந்த பிறகும் நெட் வராத கூத்து ஒன்று உண்டு. கம்ப்யூட்டரின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், மோடத்திடம் முகவரி கேட்டுக் கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளையோ மோடத்தையோ பார்க்க வேண்டும். அலுவலகத்தில் ஏலம் போட்ட கம்ப்யூட்டரை வாங்கியவர்களுக்கு வேறு தொல்லை: அந்த அலுவலகத்துக்கான நிலையான ஐபி அப்படியே உட்கார்ந்திருக்கும். ‘தானாகப் பெறு’ என்று மாற்றினால் போதும்.

இதையெல்லாம் விடச் சிரிப்பான காரணம் ஒரு காசு அளவு பேட்டரி. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பத்து இருபது வருஷம் பின்னால் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கம்ப்யூட்டர் 2005இல் வாழ்ந்துகொண்டிருந்தால் இன்றைய சான்றிதழை அது ஏற்காது. லேன் சரி, டிரைவர் சரி, எந்தப் பக்கமும் திறக்காது. கடிகாரத்தைத் திருத்தினால் எல்லாம் வந்துவிடும்.

விண்டோஸ் 7இல் இன்னொன்று. சரியான டிரைவரைத்தான் போட்டிருப்போம்; ஆனால் குறியீடு 52 என்று காட்டி மறுத்துவிடும். பிந்தைய ஆண்டுகளில் வந்த டிரைவர்களின் மின்-கையொப்பம் ஷா-2 என்ற முறையில் இருக்கும். அதைச் சரிபார்க்கப் பழைய விண்டோஸ் 7க்குத் தெரியாது. அதற்கான அப்டேட்டை முதலில் போட வேண்டும், அல்லது அதே சிப்புக்கு முன்பு வந்த பழைய பதிப்பு டிரைவரைத் தேட வேண்டும். புதியதுதான் நல்லது என்ற எண்ணம் இங்கே செல்லாது.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. சிப் கம்பெனி, லேப்டாப் கம்பெனி, மைக்ரோசாஃப்ட் ஆகியோரின் சொந்தத் தளங்களைத் தவிர மற்ற இடங்களில் பச்சை நிறத்தில் பெரிதாக மினுங்கும் பொத்தானை அழுத்தக் கூடாது. ‘எல்லா டிரைவரும் ஒரே சொடுக்கில்’ என்று சொல்லும் பல மென்பொருள்கள் விளம்பரக் குப்பையையும் கூடவே இறக்கிவிடும். டிரைவர் என்பது விண்டோஸின் அடிவயிற்றில் உட்காரும் பொருள்; அங்கே திருடனை விட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8இலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இலும் கைவிரித்துவிட்டது. ஆகவே டிரைவர் கிடைத்து நெட் வந்தாலும் எக்ஸ்பியிலோ 7இலோ வங்கி வேலை பார்ப்பது தப்பு. அந்த வேலைக்கு அதே கம்ப்யூட்டரில் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது. விண்டோஸ் வேண்டியே தீரும் என்றால், டைப்பிங், கணக்கு, பழைய பிரிண்டர் ஆகியவற்றுக்கு நெட் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம்.

திருவட்டாறு வழியாகவும் இப்போது ஃபைபர் இழுக்கிறார்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது என்பதால் கம்பி வழி வந்த இடிச் சேதம் குறையும். மின்சார லைன் வழியாக வரும் ஆபத்து மட்டும் அப்படியேதான். புதுப் பெட்டி வந்தாலும் மழை இருட்டினால் பிளக்கைப் பிடுங்கும் வழக்கத்தை விட வேண்டாம்.

வீட்டில் விண்டோஸ் 7 ஓடும் லேப்டாப் இருந்து, அதை ஃபார்மட் அடிக்கக் கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன் பத்து நிமிஷம் செலவழியுங்கள். சி டிரைவில் விண்டோஸ் கோப்புறை, அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் ‘ஃபைல் ரெப்பாசிட்டரி’ என்று ஒன்று இருக்கும். அதை அப்படியே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். அதே விண்டோஸைத் திரும்பப் போட்டு மஞ்சள் குறி வந்தால், டிரைவரை இணையத்தில் தேடாமல் இந்தக் கோப்புறையைக் காட்டினால் போதும். பெரும்பாலும் லேன், வைஃபை, ஒலி மூன்றும் ஒரே மூச்சில் திரும்பி வந்துவிடும்.